பழைய ராணுவ ரைஃபிள்: பாலிஷ் போட்டால் விலை ஏன் குறைகிறது?

ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஜெர்மன் ரைஃபிள்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புதுசு மாதிரி பளபளக்கிறது. இன்னொன்றில் மரமெல்லாம் கீறல், இரும்பின் நிறம் மங்கியிருக்கிறது. எதற்கு அதிக விலை? அமெரிக்க, ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அந்த மங்கலான ரைஃபிளைத்தான் கேட்பார்கள்.

பழசு என்பதால் அல்ல. மவுசர் காராபினர் 98கே-யை எடுத்துக்கொள்வோம். 1935-லிருந்து 1945 வரை ஜெர்மன் ராணுவத்தின் வழக்கமான ரைஃபிள் இது. 1.4 கோடிக்கும் மேல் தயாரித்தார்கள், எனவே அரிய பொருளே அல்ல. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அதே பாகங்களோடு இன்றும் இருப்பதுதான் அரிது.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? எண்களை வைத்துத்தான். மேற்புறத்தில் தொழிற்சாலைக் குறியீடும் ஆண்டும் இருக்கும். சீரியல் நம்பரை முழுசாகவோ, கடைசி இரண்டு இலக்கமாகவோ போல்ட், பேரல், சின்னச் சின்னத் திருகுகள் வரை அடித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் விலை சட்டென்று பல மடங்கு ஏறும். பாலிஷ் போட்டால் அந்த எண்கள், கழுகு முத்திரைகளின் விளிம்பு மழுங்கிவிடும். தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த ரைஃபிளை விற்கும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பேரன், தன் பணத்தைத்தான் தேய்க்கிறார்.

எண்கள் ஒத்துப்போனாலே போதுமா? அங்கேதான் சிக்கல். போரில் கைப்பற்றிய ரைஃபிள்களை சோவியத் கிடங்குகளில் மொத்தமாகக் கழற்றி, சுத்தம் செய்து, கையில் கிடைத்த பாகங்களைப் பூட்டினார்கள். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் பொறித்தார்கள். இப்போது எல்லா எண்ணும் ஒன்றுதான், ஆனால் தொழிற்சாலை போட்டது இல்லை. இவற்றின் விலை கீழேதான் நிற்கும். அதற்கும் கீழே, டெலஸ்கோப் மாட்ட ஓட்டை போட்டு, மரத்தை வெட்டி வேட்டைக்கு மாற்றியவை. போட்ட ஓட்டையை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

அமெரிக்கச் சந்தையில் இன்னொரு துப்பு உண்டு. 1968 சட்டத்துக்குப் பின் இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளரின் பெயர் பொறித்திருக்கும். அது இல்லாமல், சிப்பாய் கொண்டுவர ராணுவம் அனுமதித்த காகிதமும் கூடவே இருந்தால் மதிப்பு தனி.

சரி, தொகையை எப்படிக் கணிப்பது? 'விற்பனைக்கு' என்று போட்டிருக்கும் விலை வெறும் ஆசைங்க, தரவே இல்லை. ஏலத்தில் முடிந்த விலைகளை மட்டும் எடுங்கள். வாங்குபவர் தரும் கமிஷன் சில பட்டியல்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது, அதைச் சரிசெய்யுங்கள். பிறகு சராசரியைப் பார்க்காமல், விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் வருவதைப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்னைப்பர் ரைஃபிள் உள்ளே வந்தாலும் சராசரி எகிறிவிடும்.

இதைப் படித்துவிட்டு வெளிநாட்டுத் தளத்தில் கார்ட்டில் போட்டுவிடாதீர்கள். சுடக்கூடிய நிலையில் இருக்கும் இந்த ரைஃபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம்.