நவாலியூர் தங்கத் தாத்தா

ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ‘தங்கத் தாத்தா’ என்று அழைத்துவரும் சோமசுந்தரப் புலவர், 1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மானிப்பாயை அடுத்த நவாலியில் பிறந்து, வட்டுக்கோட்டை இந்து ஆங்கிலப் பாடசாலையில் நீண்ட காலம் ஆசிரியராகப் பணியாற்றியவர். பலவகைப் பாக்களும் கலந்து வரும் கலம்பகம் என்ற சிற்றிலக்கிய வகையில் அட்டகிரிக் கலம்பகத்தையும், பனையின் பெருமையைக் கூறும் தாலவிலாசத்தையும் இயற்றிய மரபுப் புலவரான அவரை, இன்று பெரும்பாலோர் சிறுவர் பாடல்களாலேயே அறிவர். அது அவருடைய புலமைக்கு நேர்ந்த குறையன்று; அப்புலமை மிகக் கனிந்து வெளிப்பட்ட இடம் அதுவே.

அவருக்கு முன்னும் பிள்ளைகளுக்குத் தமிழில் நூல்கள் இருந்தன. ஔவையின் ஆத்திசூடியும் ஆறுமுக நாவலரின் பாலபாடங்களும் திண்ணைகளிலும் வகுப்பறைகளிலும் ஓதப்பட்டன. ஆயினும் அவற்றில் பிள்ளை என்பது திருத்தப்பட வேண்டிய ஓர் உயிராகவே தோன்றும். தமிழ்நாட்டில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மழலையர்க்கெனப் பாடிவந்த அதே காலப்பகுதியில், யாழ்ப்பாணத்தில் கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் ஊக்கத்தால் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 1935இல் ‘பிள்ளைப் பாட்டு’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பிள்ளையைத் திருத்துவதை விட்டு அதன் மகிழ்ச்சிக்கெனப் பாடத் தொடங்கிய இந்த மாற்றத்தின் காலத்தவையே புலவரின் சிறுவர் பாடல்களும்.

அவற்றுள் தலைசிறந்தது ‘ஆடிப்பிறப்பு’. ஆடி முதல் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும் செய்யும் வழக்கத்தை அது பாடுகிறது. பச்சரிசி மாவும் பயறும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்து கூழாகும் பக்குவம் முழுவதும் அதில் வரிசை குலையாமல் வருவதால், சமையற் குறிப்பாகக் கொண்டாலும் அது பிழைபடாது. ஆனால் அந்தச் சமையலைப் பார்த்து நிற்பது விடுமுறையின் மகிழ்ச்சியில் தோழர்களைக் கூவியழைக்கும் ஒரு சிறுவன். பலாவிலையை ஓடிப் பொறுக்கி மடித்துக் கோலிக்கொண்டு, தாய் அகப்பையால் வார்க்கும் கூழுக்குக் காத்திருப்பவன். பாட்டில் உபதேசம் எதுவும் இல்லை. பசியும் ஆவலுமே உள்ளன.

கத்தரித் தோட்டத்தில் பறவைகளை விரட்ட நிறுத்தப்படும் பொம்மையாகிய வெருளியை, கூலி வாங்காத காவற்காரனாக விளித்துப் பாடும் பாட்டிலும் இதே நோக்கு உண்டு. பால் விற்கப் போகும் பெண் பகற்கனவு கண்டு பாலைக் கொட்டிவிடும் கதை ஐரோப்பாவிலும் வழங்குவது. மாக்குடம் உடைத்த பார்ப்பனன் கதையாகப் பஞ்சதந்திரத்திலும் அதன் சாயல் காணப்படும். புலவரோ அதைப் பருத்தித்துறைப் பவளக்கொடியின் கதையாக்கிவிட்டார். ஊர்ப்பெயர் ஒன்றாலேயே உலகக் கதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் செய்தியாகிவிடுகிறது.

அவருடைய மக்களும் தமிழறிஞர்களே: இளமுருகனார் இலக்கணப் புலமையாலும், நடராசன் மேகதூத மொழிபெயர்ப்பாலும் அறியப்பட்டவர்கள். புலவர் 1953ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஆடிப்பிறப்புக்குச் சில நாள் முன்னர் காலமானார். சிறுவர் பாடல்கள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற தொகுப்பாக 1955இல் வெளிவந்தன. கனடாவிலும் இலண்டனிலும் வளரும் பிள்ளைக்கு ‘ஆடிப்பிறப்பு’ப் பாட்டைக் கற்பிக்கும் பெற்றோர், பலாவிலைக்கும் பனங்கட்டிக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதோடு நில்லாமல், ஆடி முதல் நாளில் கூழையும் காய்ச்சிக் கொடுத்துவிடுவது நல்லது.