ஆறுகளின் வழி – 17: நூறாண்டு காய்ந்த பள்ளத்தாக்கு

கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024 இலையுதிர் காலத்துக்குள் அகற்றப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்த கோடையில் அந்த ஆற்றில் இறங்கிய பிள்ளைகளோடு இந்த வாரம் போவோம்.

2025 ஜூன் 12. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கிளாமத்தின் மூல ஆறுகளில் ஒன்றான வுட் ஆறு ஊற்றெடுக்கும் இடம். கிளாமத், யூரோக், காருக், ஹூப்பா முதலிய பழங்குடிகளின் பிள்ளைகள் கயாக் படகுகளில் ஏறினார்கள். 13 முதல் 20 வயது. கலிபோர்னியாவில் கடலோரம் இருக்கும் ரெக்வா வரை சுமார் 500 கிலோமீட்டர் போகவேண்டும். பலர் சில ஆண்டுகளுக்கு முன் கயாக்கைத் தொட்டதுகூட இல்லை. அணைகள் நின்றுகொண்டிருந்தபோதே, 2022இல், அவை போய்விடும் என்று நம்பிப் பழகத் தொடங்கியவர்கள். அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வழியில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு வருகிறது. ஷாஸ்டா மக்களின் பூர்வீக மண். அந்த நான்கில் ஒன்றான, இங்கே 1925இல் கட்டிய காப்கோ 2 அணை சுமார் 10 மீட்டர் உயரம்தான். ஆனால் ஆற்றுநீரைக் குழாய்க்குள் திருப்பி மின்நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஏறக்குறைய நூறாண்டு பள்ளத்தாக்கு காய்ந்து கிடந்தது. ஆற்றுப்படுகையிலேயே மரங்கள் வளர்ந்துவிட்டன. பொறியாளர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இங்கே நிலம் சட்டென்று தாழ்வதுதான். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு மின்சாரம். டர்பைனைச் சுழற்றிய அதே விசை இப்போது பாறைகளில் மோதி நுரைக்கிறது. துடுப்பைப் பிடித்த கைகள் அதை நேராக உணர்கின்றன.

அப்படி மோதும்போது தண்ணீரில் காற்று கலக்கிறது. மீனுக்கு மூச்சு கிடைக்கிறது. தேக்கத்திலோ தண்ணீர் சூடேறி, நீலப்பச்சைப் பாசி படர்ந்து, நஞ்சு சேர்ந்தது. நான்கில் கீழ்க்கோடி அணையான அயர்ன் கேட்டுக்குக் கீழே கூழாங்கற்களைப் புரட்டும் வெள்ளம் வராமல், ஒருவகைப் புழு பெருகியது. அந்தப் புழுவில் வளரும் ஒட்டுண்ணி சால்மன் மீன் குஞ்சுகளைக் கொன்றது. 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் குறைந்து, சூடேறி, நோய் பரவியபோது 30,000க்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து மிதந்தன. யூரோக் மக்களுக்குச் சால்மன் உணவு மட்டுமல்ல, உறவு.

நான்கு அணைகளும் சேர்ந்து சுமார் 163 மெகாவாட். அவற்றை நடத்திய மின் நிறுவனத்தின் உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. நிலக்கரி எரிக்காத மின்சாரம் என்பதால் அதை அற்பம் என்று தள்ளமாட்டேன். ஆனால் மீன் ஏறப் படிகள் கட்டி அணைகளைக் காப்பதைவிட அகற்றுவதே செலவு குறைவு என்று கணக்கு காட்டியது; அதற்குப் பின்னால் பழங்குடியினரின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. 2024 அக்டோபரில், 1912க்குப் பிறகு முதல்முறையாக, சால்மன் ஆரிகனில் உள்ள கிளாமத்தின் கிளையாறு ஒன்றுக்கு ஏறி வந்தது.

ஆற்றின் மேல்பகுதியில் வேறு இரண்டு அணைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் கரையேறிப் படகுகளைச் சுமந்து நடந்தார்கள்.

ஜூலை 11. ரெக்வாவில் அடர்ந்த மூடுபனி. ஆற்றையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டில் குடும்பங்கள் காத்திருந்தன. பறை போன்ற தோற்கருவிகள் முழங்க, பனியைக் கிழித்துக்கொண்டு வண்ணக் கயாக்குகள் ஒவ்வொன்றாக வந்து மணலில் ஏறின.

(தொடரும்)