ஆக்ஸ்போர்டில் இரு நாட்கள்

ஆங்கில நாட்டிற் கல்வி பயிலும் மாணவனுக்கு வாரத்தின் ஐந்து நாட்களும் பாடத்திற்கே உரியன. சனியும் ஞாயிறுமே கண்ணுக்கும் காலுக்கும் உரியன. ஒரு பருவம் இலண்டனிற் படிக்கும் பேறு பெற்ற யான், அத்தகைய ஒரு சனி ஞாயிறை ஆக்ஸ்போர்டு நகரிற் கழித்தேன். இனி அங்குச் செல்லும் நம் மாணவர்க்குப் பயன்படுமென்று கருதியும், யான் முன்னர்ச் செய்த பிழையொன்றைத் திருத்திக்கொள்ள விரும்பியும் இக்கட்டுரையை வரையலானேன்.

இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் இரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்போர்டை அடையலாம். இறங்கியதும், "சர்வகலாசாலை எங்கே உளது?" என வினவுவோர் மயக்கமே எய்துவர். அப்பெயர்க்குரிய தனி மாளிகை ஒன்றும் அங்கில்லை. முப்பதிற்கு மேற்பட்ட கல்லூரிகள் நகரெங்கும் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கெனக் கோபுர வாயிலும், உணவு மண்டபமும், நூலகமும் உடையது. மாணவர் தங்குவதும், ஆசிரியரை அணுகி நேரிற் பாடங் கேட்பதும் கல்லூரியில். தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதோ சர்வகலாசாலை. இவ்வேறுபாட்டை அறிந்தவர்க்கே அந்நகரின் அமைப்பு விளங்கும். கல்லூரிகள் பல குறித்த வேளைகளில் மட்டுமே அயலாரை உள்ளே விடுமாதலின், வாயிலில் தொங்கும் அறிவிப்பை முதலிற் படித்தல் நலம்.

சனிக்கிழமை யான் முதலிற் கண்டது போட்லியன் நூலகம். சர் தாமஸ் போட்லி என்பார் முயற்சியால் 1602-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது அது. இலண்டன் நூல் வணிகர் சங்கத்தாரோடு அவர் 1610-இற் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அச்சங்கத்தார் பதிப்பிக்கும் நூல்களில் ஒவ்வொரு படி அங்கு வந்து சேரலாயிற்று. நூல்களை வெளியே கொடுத்தல் அங்கு வழக்கமன்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்நகரில் தங்கியிருந்த முதலாம் சார்ல்ஸ் மன்னர் 1645-இல் ஒரு நூலைக் கேட்டனுப்ப, விதி இடந்தராது என்று மறுத்துவிட்டனர். மன்னரும் அவ்விதிக்கு அடங்கினார். படிக்கப் புகுவோர் நூலகத்துள் தீ மூட்டுவதில்லை என்று உறுதி கூறும் வழக்கம் இன்றும் உண்டு. ஒரு நூலை இழத்தல் எத்துணைப் பெரிய இழப்பென்று உணர்ந்த முன்னோர் வகுத்த நெறி அஃது.

அன்றிரவு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் வாயிற் கோபுரத்திலுள்ள பெருமணி ஒலிக்கக் கேட்டேன். "டாம்" என்பது அம்மணியின் பெயர். இரவு 9 மணி 5 நிமிடத்திற்கு அது 101 முறை அடிக்கின்றது. தொடக்கத்தில் அக்கல்லூரியிலிருந்த மாணவர் நூற்றுவர். பின்னர் ஒருவர் சேர்க்கப்பட்டமையின் எண்ணிக்கை நூற்றொன்றாயிற்று. ஐந்து நிமிடம் தாழ்ப்பதேன்? ஆக்ஸ்போர்டு கிரீனிச்சிற்கு மேற்கே ஒன்றேகால் பாகையில் உள்ளது. ஆகவே ஞாயிறு அங்கு உச்சியை அடைய ஐந்து நிமிடம் பிந்தும். இரயில்பாதை வருமுன்னர் ஒவ்வோரூரும் தன் ஞாயிற்றையே நம்பி நாழிகை கணித்தது. நாடெங்கும் ஒரே நேரம் வந்த பின்னும் அம்மணி மட்டும் பழைய கணக்கை விடவில்லை. யான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்றொன்றில் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆக்ஸ்போர்டிற்கு யான் வந்ததன் முதற் காரணம் அன்றைக்கென்றே வைத்திருந்தது. வால்டன் தெருவினின்று பிரியும் ஒரு சிறு வழியின் முடிவில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம் உளது. 1848-இல் ஏற்பட்ட அத்தோட்டத்தில்தான் டாக்டர் ஜி. யு. போப்பையர் அடக்கம் செய்யப்பட்டார். 1820-இற் பிறந்து, 1839-இற் சென்னைக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பணியாற்றி, முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் அவர். திருக்குறளை 1886-லும், நாலடியாரை 1893-லும், திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர்.

"இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகின்றான்" என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் சொல்லிச் சென்றார் என்பதைச் சிறு வயதுமுதற் கேட்டு வந்துளேன். பள்ளியிற் பேச்சுப் போட்டியில் அதனைக் கூறிப் பரிசு பெற்றேன். நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்திலும் குரல் தழுதழுக்கக் கூறினேன். அவ்வெழுத்துக்களைக் கண்ணாற் காணவே அங்குச் சென்றேன்.

கல்லைக் கண்டேன்; மும்முறை படித்தேன். அவ்வாசகம் அங்கில்லை. பெயரும், பிறந்த இறந்த நாட்களும், தமிழ் தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரிக் குருவாகவும் இருந்த செய்தியுமே ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. கடல் கடந்து வந்தும் கண்டது இதுதானோ என்று என் மனம் சோர்ந்தது. அரங்கில் யான் பெற்ற கைத்தட்டல் நினைவுக்கு வர, நாணமும் மிகுந்தது.

ஆயினும் எஞ்சிய வரிகள் என்னை நிறுத்தின. கீழ்த்திசை இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவர்தம் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்பது அவற்றின் கருத்து. யான் கூறிவந்த கதையிற் போப்பையர் தம்மைப் பற்றித் தாமே பேசுகின்றார். கல்லிலோ நம் முன்னோர் அவரைப் பற்றிப் பேசுகின்றனர். 1908-இல் மறைந்த ஆசிரியரை மறவாது, தாம் காணாத ஊரில் அவர்க்குக் கல் நாட்டினர் தமிழர். இவ்வுண்மையிருக்க, இதனை மறைக்கும் கதை நமக்கெதற்கு?

அதே தோட்டத்திற்றான் பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த பெஞ்சமின் ஜோவட்டும் அடங்கியுள்ளார். திருவாசகத்தை முடிக்கும் நாள்வரை உயிரோடிருப்பேனோ என்று ஐயுற்ற போப்பையரிடம், பெரும்பணி கையிலிருப்பதே நெடுநாள் வாழும் வழி என்று தேற்றியவர் அவர். தேற்றியவர் 1893-இல் மறைந்தார்; தேறியவரோ தம் எண்பதாம் ஆண்டில் நூலை முடித்தார்.

நண்பர்காள், கல்வெட்டு வாசகத்தை எழுத்துப் பிசகாமற் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதிக் கொணர்ந்துளேன். அதனை நம் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் ஒப்புவித்துவிட்டேன். அன்று என் பேச்சைக் கேட்டுக் கைத்தட்டினோர் அதனையும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகின்றேன்.