தொலைநோக்கி: கருவித் தேர்வும் இடத் தேர்வும்

தொலைநோக்கியின் திறன் அதன் முகப்பு வில்லை அல்லது குழியாடியின் விட்டத்தைப் பொறுத்தது. விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஒளி கூடுதலாகச் சேரும், 70 மி.மீ. கருவியைவிட 150 மி.மீ. கருவி நாலரை மடங்கு ஒளியைத் திரட்டும். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது கண்ணருகு வில்லையைப் பொறுத்தது. 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. வில்லை 48 மடங்கும் 10 மி.மீ. வில்லை 120 மடங்கும் தரும். விட்டத்தின் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் 2 மடங்கு என்பதே பொதுவான உச்சவரம்பு. அதனால் 70 மி.மீ. கருவியின் பெட்டியில் எவ்வளவு பெரிய எண் அச்சாகியிருந்தாலும், 140 மடங்குக்கு மேல் பிம்பம் மங்கத்தான் செய்யும்.

கருவிக்கு அடுத்தது இடத் தேர்வு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இரவு ஷிப்டுக்காக ஆலை வளாகங்களும் சாலைகளும் விடிய விடிய ஒளிர்கின்றன. கிழக்கே சென்னையின் வெளிச்சமும் சேர்கிறது. தூசும் ஈரப்பதமும் அந்த ஒளியைச் சிதறடித்து வானத்தை வெளுக்கச் செய்கின்றன. நிலா, வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், சனியின் வளையம், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. மங்கலான நெபுலாக்களும் கேலக்ஸிகளும் வெளுத்த வானில் கரைந்துவிடும். பெரிய ஆடி வாங்கினாலும் பின்னணி வெளிச்சமும் சேர்ந்தே பெருகும்.

மொட்டைமாடியின் கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். மேலெழும் அந்தக் காற்றில் சனியின் வளையம் ஓடும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். புல்தரையும் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமும் மேல். கருவியை அரைமணி முன்னதாகவே வெளியே வைத்தால் ஆடியின் சூடு தணியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மாதங்கள் உகந்தவை. தெற்குத் திசை திறந்திருப்பது நல்லது: மே நடுவில், இரவு பத்து மணியளவில், ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து தெற்கே சுமார் 30 பாகை உயரத்தில் நிற்கும்.

மங்கலான பொருள்களுக்கு இருண்ட வெளியைத் தேடிப் போக வேண்டும். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்ததும் நகர வெளிச்சம் எட்டாத தெளிந்த வானுக்காகவே. சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள அங்கே 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருப்பவருக்குக் காரில் ஏற்றக்கூடிய கருவியே பொருத்தம். 150 மி.மீ. டாப்சோனியன் வகை ஆடித் தொலைநோக்கி விலைக்கேற்ற பலன் தரும்; ஜான் டாப்சன் பரப்பிய அதன் பெட்டித் தாங்கி தரையில் அசையாமல் உட்காரும். மாடிப்படி ஏறி இறங்க வேண்டிய அடுக்ககவாசிக்கு 80 மி.மீ. வில்லைக் கருவியும் உறுதியான முக்காலியும் போதும். எதுவானாலும், ஈரம் உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிவைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காது.