வர்ணத்தில் தைத்த துரு

தில்லியிலோ மும்பையிலோ இருப்புப் பாதையருகே காரை நிறுத்திவிட்டு ஊர் சென்று மாதக் கணக்கில் கழித்துத் திரும்பும் நாம், வர்ணத்தின்மேல் செம்புள்ளிகள் அரும்பியிருக்கக் காண்கிறோம். ரயிலின் சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் பறந்த இரும்புத் துகள்கள், வர்ணத்தில் தைத்துத் துருவேறியமையே இதன் காரணம். சோப்பு நீருக்கு அவை அசையா. சுரண்டவும் கூடாது, மேலுள்ள மெருகுப் பூச்சு தலைமயிரினும் மெல்லியது, தேய்ந்தால் மீளாது.

முதலில் வண்டியை நன்கு கழுவி, நிழலில் ஆறவிட்டு, கையுறை அணிந்து, துருக் கரைக்கும் திரவத்தைத் தெளிப்போம். இரும்பைத் தொட்ட இடம் ஊதா நிறமாகும். அது உலருமுன் கழுவிவிட வேண்டும். எஞ்சிய துகள்களை, சோப்பு நீரால் வழுக்கலாக்கி, இதற்கென விற்கும் களிக்கட்டியை அழுத்தாமல் ஓட்டி எடுப்போம். தரையில் விழுந்த கட்டி ஆகாது. அதில் ஒட்டிய மணல் வர்ணத்தைக் கீறும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவுங்கால் சொரசொரப்புத் தட்டாவிடில், மெழுகு பூசிக் காப்போமாக.