‘ஒரு கப் க்ரீம் சீஸ்’ என்றால் எத்தனை கிராம்? சீஸ் கேக் செய்யும் முன் இதைப் படிங்க!

பிறந்தநாளுக்கு வீட்டிலேயே சீஸ் கேக் செய்யலாம் என்று யூடியூபைத் திறந்தால், ‘2 கப் க்ரீம் சீஸ்’ என்கிறார்கள். கடையிலோ சீஸ் கிராம் கணக்கில்தான் கிடைக்கிறது. கூடுதலாக வாங்கினால் பணம் வீண். குறைத்துப் போட்டாலோ கேக் சரியாக செட் ஆகாது, இனிப்பும் தூக்கலாகிவிடும். அப்படியென்றால் எவ்வளவு வாங்குவது?

கப் என்பது கொள்ளளவு. கிராம் என்பது எடை. 240 மி.லி. தண்ணீர் 240 கிராம் இருக்கும். ஆனால் சீஸில் கொழுப்பு, ஈரப்பதம், உள்ளே இருக்கும் காற்று எல்லாம் வகைக்கு வகை மாறும். அதனால் எடையும் மாறும்.

ஒரு கப் (240 மி.லி.) எவ்வளவு?

* க்ரீம் சீஸ் (கட்டியாக வருவது): சுமார் 230 கிராம்
* ரிக்கோட்டா: சுமார் 250 கிராம்
* காட்டேஜ் சீஸ்: 210 முதல் 225 கிராம்
* மஸ்கார்போன்: 225 முதல் 240 கிராம்
* உதிர்த்த ஃபெட்டா: சுமார் 150 கிராம்

அவுன்ஸ் குழப்பம்

அமெரிக்காவில் க்ரீம் சீஸ் பெரும்பாலும் 8 அவுன்ஸ் கட்டியாக விற்கப்படுகிறது. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம் என்பதால், ஒரு கட்டி 227 கிராம். அது கிட்டத்தட்ட ஒரு கப்புக்குச் சமம். இதை வைத்து ‘8 அவுன்ஸ் என்றாலே ஒரு கப்’ என்று எல்லா சீஸுக்கும் கணக்குப் போடக் கூடாது. உதிர்த்த ஃபெட்டா என்றால் அதே 8 அவுன்ஸுக்கு ஒன்றரை கப் வேண்டும். சீஸுக்குச் சொல்லப்படும் அவுன்ஸ் எடையைத்தான் குறிக்கும். அளவு ஜாரில் கோடு போட்டிருக்கும் திரவ அவுன்ஸ் வேறு.

கப்பில் அளந்தால்...

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீஸை அப்படியே கப்பில் போட்டால் இடையிடையே காற்று நிற்கும். ஒரு கப்புக்கு 30 கிராம் குறைந்தாலும், 3 கப்புக்கு 90 கிராம் போய்விடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஸ்பூனால் அழுத்தி நிரப்பி, கத்தியால் மேலே சமமாக வழித்துவிடுங்கள். ‘விப்ட்’ வகையில் காற்று ஏற்கெனவே கலந்திருப்பதால் ஒரு கப்பின் எடை இன்னும் குறைவு. கட்டி க்ரீம் சீஸுக்குப் பதிலாக அதைக் கப் கணக்கில் போடாதீர்கள்.

சீஸுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் சேர்ப்பவர்கள், தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகே எடை பார்க்க வேண்டும்.

தராசு இல்லையா?

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எடையே போதும். 200 கிராம் க்ரீம் சீஸைச் சரிபாதியாக வெட்டினால் 100 கிராம். அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் (சுமார் 15 கிராம்) சேர்த்தால் அரை கப் கணக்கு சரியாகிவிடும்.

டிஜிட்டல் தராசு இருந்தால் வேலை இன்னும் சுலபம். காலிப் பாத்திரத்தை வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்துங்கள். எண் பூஜ்ஜியமானதும் சீஸைச் சேர்த்தால், காட்டுவது சீஸின் எடை மட்டுமே. ஒருமுறை சரியாக வந்த அளவை கிராமில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடைக்குப் போகும்போதே எத்தனை பாக்கெட் என்பது தெரிந்துவிடும்.