எட்டுப் பேர், 37 ஆண்டுகள்

1980-ல் பிரேசிலின் சாவோ பாவுலோ மருத்துவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மாத்திரை விழுங்கியும் வலிப்பு அடங்காத எட்டுப் பேருக்கு, அந்த மாத்திரைகளோடு கன்னாபிடியாலும் நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றேபோனது, மூவருக்குக் குறைந்தது. போலி மாத்திரை பெற்ற இன்னொரு குழுவில் ஒருவருக்கு மட்டுமே குணம் தெரிந்தது.

எட்டுப் பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். அடுத்து எண்பது பேரிடம் பார்த்திருக்கலாமே! பார்க்கவில்லை. கன்னாபிடியால் கஞ்சாச் செடியில் இருப்பது, அதுதான் வினையாயிற்று. போதை தருவது அதே செடியிலுள்ள டி.எச்.சி. என்ற வேறொரு பொருள். இரண்டின் வேதிக் கட்டமைப்பையும் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலம் 1963, 64-லேயே கண்டு சொல்லியிருந்தார். சாவோ பாவுலோ ஆய்விலும் அவருக்குப் பங்கு உண்டு. இருந்தும் செடியின் கெட்ட பெயர் மருந்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. பெரிய ஆய்வு வர 37 ஆண்டுகள் ஆயின. நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அந்த இடைவெளியில்தான், அமெரிக்காவின் கொலராடோவில் ஷார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு ட்ராவே நோய். மூளை நரம்புகளில் சோடியம் நுழையும் வாயில்களை அமைக்கும் மரபணு பழுதாவதால் பெரும்பாலும் வரும் வலிப்பு நோய் அது. கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும், மருந்துகளுக்கு எளிதில் மசியாது. ஐந்து வயதில் அவளுக்கு வாரம் 300 வலிப்பு. பெற்றோர் கடைசி முயற்சியாக, கன்னாபிடியால் மிகுந்த, டி.எச்.சி. மிகக் குறைந்த கஞ்சா எண்ணெயைக் கொடுத்தார்கள். வலிப்பு மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. 2013-ல் சி.என்.என். இதை ஒளிபரப்பியதும், இதே துயரத்தில் இருந்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்கே குடிபெயர்ந்தன.

2017-ல்தான் வந்தது அந்தப் பெரிய ஆய்வு. ட்ராவே நோயுள்ள 120 பேர். சுத்திகரித்த கன்னாபிடியால் பெற்றவர்களின் மாத வலிப்புகள், இடைநிலைக் கணக்கில், 12.4-லிருந்து 5.9 ஆயின, போலி மருந்து பெற்றவர்களுக்கு 14.9-லிருந்து 14.1. மறு ஆண்டு ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

பாதியானதைப் பூரண குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் வீரியம் கூடும். கடையில் வாங்கிய எண்ணெயை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

ஷார்லட் 2020 ஏப்ரலில், 13 வயதில் இறந்தாள். அவள் பிறந்தது 2006-ல். அப்போதே சாவோ பாவுலோ ஆய்வுக்கு 26 வயது.